மூத்த மகளின் வயல்: பட்டாட் மலையில் இரண்டு நாள்

வெள்ளிக்கிழமை இரவு. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலிருந்து வடக்கே பனாவே நகருக்குப் புறப்படும் பேருந்தில் பதினொரு மாணவர்கள் ஏறினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு போர்வை இருந்தது. வெளியே புழுக்கமாக இருந்தாலும், பேருந்துக்குள் குளிரூட்டியை விடியும்வரை அணைக்க மாட்டார்கள் என்பது அந்தத் தடத்தில் போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

எல்லோரும் மணிலாவுக்குத் தெற்கே, லோஸ் பான்யோஸ் நகரில் வேளாண்மை படிப்பவர்கள். வழக்கமாக வார இறுதியில் மணிலாவுக்கோ கடற்கரைக்கோ போகிறவர்கள், இந்த முறை மலையேறக் காரணம் அவர்களில் ஒரு மாணவி. அவளுடைய சொந்த ஊர் இஃபுகாவ் மாகாணத்தில் உள்ள பட்டாட். உலகமே வந்து படம் எடுத்துப் போகும் படிக்கட்டு நெல் வயல்களின் ஊர். அக்டோபர் மாதப் புயல் மழையில் அவள் வீட்டு வயலின் கல்சுவர் சரிந்துவிட்டது. 'இருபது அடி போய்விட்டது. ஆள் இல்லை' என்று அப்பாவிடமிருந்து செய்தி வந்தது. வகுப்பில் அவள் அதைச் சொன்னபோது, "கல் தூக்க நாங்கள் வருகிறோம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

லோஸ் பான்யோஸ் என்ற ஊரின் பெயர் புதிதாக இருந்தாலும், அங்கிருந்து வந்த நெல் நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. 1960-ல் தொடங்கப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது அங்கேதான். 1966-ல் வெளிவந்த ஐ.ஆர்.8, அதன் பிறகு வந்த ஐ.ஆர்.20, ஐ.ஆர்.36, ஐ.ஆர்.50 என்று நம் வயல்களில் விளைந்த 'ஐ.ஆர்.' ரகங்களின் பிறந்த வீடு அது. 1982 முதல் 1988 வரை அந்த நிலையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் எம்.எஸ்.சுவாமிநாதன்.

அந்த நெல் பிறந்த ஊரில் படிக்கும் பிள்ளைகள், அதற்கு நேர் எதிரான இன்னொரு நெல்லைப் பார்க்கத்தான் அன்றிரவு கிளம்பினார்கள்.

ரூபாய் நோட்டில் இருக்கும் வயல்

மணிலாவிலிருந்து பனாவே சுமார் 350 கிலோமீட்டர். ஒன்பது, பத்து மணி நேரப் பயணம். முதல் பாதி முழுக்கச் சமவெளி. நியூவா எசிஹா மாகாணம் பிலிப்பைன்ஸின் நெற்களஞ்சியம். பதினொரு பேரில் ஒரு மாணவனின் வீடு அங்கே இருக்கிறது. அவன் அப்பாவுக்கு ஆண்டுக்கு இரண்டு போகம். அறுவடைக்கு இயந்திரம். நள்ளிரவில் அந்த ஊர்ப் பக்கம் பேருந்து போனபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

விடியும் நேரத்தில் சாலை வளைந்து வளைந்து ஏறியது. ஏழு மணிக்கு பனாவே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம். நவம்பர் காலையில் மூச்சு விட்டால் புகை வரும் குளிர்.

பனாவே படிக்கட்டு வயல்களைப் பார்க்காத பிலிப்பைன்ஸ்காரர் இல்லை. அந்த நாட்டின் 20 பெசோ நோட்டிலேயே அதன் படம் வந்திருக்கிறது. ஆனால், யுனெஸ்கோ 1995-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, சாலையோரத்தில் நின்று எல்லோரும் படம் எடுக்கும் அந்த வயல்களை அல்ல. பட்டாட், பங்கான், ஹுங்துவான், மயோயாவ், நகக்காடான் ஆகிய ஐந்து தொகுதிகளைத்தான். முதல் இரண்டும் பனாவே வட்டாரத்துக்குள் உள்ள சிற்றூர்கள்.

பனாவேயிலிருந்து ஜீப்னி. நம் ஊர் ஷேர் ஆட்டோவை நீட்டி, பேருந்தாக்கியது போன்ற வண்டி. மலை முகடு வரை அது போகும். அதற்குப் பிறகு நடைதான். பட்டாட் ஊருக்குள் வண்டி எதுவும் கிடையாது. சிமென்ட் மூட்டை, கேஸ் சிலிண்டர், அரிசி, பள்ளிப் புத்தகம், எல்லாம் மனிதர் முதுகில்தான் இறங்க வேண்டும்.

முக்கால் மணி நேரம் இறங்கியதும் ஒரு திருப்பத்தில் ஊர் தெரிந்தது. ஒரு பெரிய கிண்ணத்தை உள்பக்கமாகச் செதுக்கியதுபோல மலை முழுக்கப் படிகள். ஒவ்வொரு படியும் ஒரு வயல். அறுவடை முடிந்து மாதங்கள் ஆகியும் எல்லா வயலிலும் தண்ணீர் நின்றது. அடியில், கிண்ணத்தின் நடுவே, பத்து இருபது வீடுகள்.

மாணவர்கள் செல்பேசியை எடுத்தார்கள். மாணவி கையை நீட்டி, "அதோ, இடதுபக்கம் மேலேயிருந்து ஆறாவது வரிசை. மண் நிறத்தில் ஒரு தழும்பு தெரிகிறதா? அதுதான் எங்கள் வயல்" என்றாள்.

ஆண்டுக்கு ஒரு முறை

வீட்டு வாசலில் பாட்டி உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கு முதலில் நீட்டியது பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. இஃபுகாவ் மக்கள் இதை 'மொம்மா' என்கிறார்கள். விருந்தாளி வந்தாலும், வழக்குப் பேசினாலும், வேலைக்கு ஆள் கூப்பிட்டாலும் மொம்மா இல்லாமல் பேச்சு தொடங்காது. வியட்நாமிலிருந்து படிக்க வந்திருந்த மாணவி மட்டும் தயங்காமல் எடுத்து மடித்தாள். "எங்கள் பாட்டியும் போடுவார்" என்றாள்.

மதியச் சோற்றில் அரிசி லேசாகச் சிவந்திருந்தது. மணம் இருந்தது. ஒட்டாமலும் இல்லை, குழையவும் இல்லை. இந்த நெல்லின் பெயர் 'தினாவொன்'. ஆண்டுக்கு ஒரு முறை விளைவது என்று பொருள். தினாவொன் ஒரே ரகமல்ல, பல நாட்டு ரகங்களுக்குப் பொதுப் பெயர். நவம்பர், டிசம்பரில் நாற்றுவிட்டு, ஜனவரி, பிப்ரவரியில் நட்டு, ஜூன், ஜூலையில் அறுக்கிறார்கள். ஐ.ஆர்.8 சுமார் 130 நாளில் வந்துவிடும். இது ஆறு, ஏழு மாதம் எடுத்துக்கொள்ளும். அந்த உயரத்துக் குளிரைத் தாங்கி, ரசாயன உரம் கேட்காமல், மலையிலிருந்து வரும் நீரிலும், மிதித்துப் புதைத்த வைக்கோலிலும் களையிலும் விளைந்துவிடும்.

அறுவடைக்கு அரிவாள் கிடையாது. விரலிடுக்கில் பிடிக்கும் சிறு கத்தியால் கதிர் கதிராக அறுத்து, கைப்பிடி கைப்பிடியாகக் கட்டி, கட்டோடு காய வைத்து, கட்டோடு வீட்டுக்குள் ஏற்றிவிடுகிறார்கள். பழைய இஃபுகாவ் வீடு நான்கு மரத்தூண் மேல் நிற்கும். ஒவ்வொரு தூணிலும் தட்டுபோல ஒரு வட்ட மரப்பலகை மாட்டியிருக்கும். எலி ஏறி வந்தால் அதைத் தாண்ட முடியாது. வேண்டும்போது வேண்டிய கட்டை இறக்கி உரலில் குத்திக்கொள்வார்கள்.

விதைக்கான கதிரை எடுப்பது பெண்கள் வேலை. பொது அறுவடைக்கு முன்பாகவே வயலில் இறங்கி, வயதில் மூத்த பெண்கள் கதிரைக் கையில் பிடித்துப் பார்த்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள்.

"எதைப் பார்த்து எடுப்பீர்கள் பாட்டி?" என்று நியூவா எசிஹா மாணவன் கேட்டான்.

"நீளம் பார்ப்பேன். நோய் இல்லாததாக இருக்க வேண்டும். அடி மணி முதல் நுனி மணி வரை ஒரே மாதிரி முற்றியிருக்க வேண்டும். பக்கத்துப் பயிர் சாய்ந்தபோது இது நின்றதா என்று பார்ப்பேன். அதைப் பார்க்க நடவிலிருந்து வயலில் இருக்க வேண்டும். அறுப்பு அன்றைக்கு வந்து பார்த்தால் தெரியாது" என்றார் பாட்டி. கடைசி வரியைப் பேத்தியைப் பார்த்துச் சொன்னார்.

மண்புழு எதிரியாகும் இடம்

சாப்பிட்டதும் வயலுக்குப் போனார்கள். நடப்பது வரப்பில் அல்ல, சுவரின் தலையில். ஒரு பக்கம் முழங்கால் அளவுத் தண்ணீர், மறு பக்கம் இரண்டு ஆள் உயரப் பள்ளம். கால் வைக்க ஓர் அடி அகலம்.

சரிந்த இடத்தில் கற்கள், சேறு, கிழிந்த வேர்கள் எல்லாம் கலந்து கீழ் வயலின் மேல் கிடந்தன. அந்தக் கீழ் வயல் வேறொருவருடையது. மேலே உடைந்தால் கீழே உள்ளவருக்கும் இழப்பு. தண்ணீரும் அப்படித்தான். உச்சிக் காட்டிலிருந்து வரும் ஓடை முதல் வயலில் நிறைந்து, மடை வழியாக அடுத்ததில் இறங்கி, அப்படியே ஆறு வரை போகிறது. நடுவில் ஒரு வயல் தரிசாகி விரிந்தால், கீழே உள்ளவர்களின் தண்ணீர் வழி மாறிவிடும்.

"புயல் தான் தள்ளியதா?" என்று ஒரு மாணவர் கேட்டார்.

"புயல் தள்ளியது கடைசியில். முதலில் துளை போட்டது இது" என்று மாணவியின் அப்பா ஒரு சேற்றுக் கட்டியை உடைத்துக் காட்டினார். உள்ளே விரல் தடிமனில் ஒரு மண்புழு.

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்புழு உழவனின் நண்பன் என்று படித்தவர்கள், மண்புழு உரம் தயாரித்து மதிப்பெண் வாங்கியவர்கள். இங்கே கதை வேறு. வயல் ஆண்டு முழுக்க நீரில் இருந்தால் தொல்லை அடங்கியிருக்கும். ஓடை வற்றியோ, ஆளில்லாமலோ வயல் காய்ந்தால், புழு ஈரத்தைத் தேடி ஆழமாகத் துளைத்துச் சுவர்ப் பக்கம் போகும். மறுபடி தண்ணீர் ஏறும்போது அந்தத் துளை வழியே கசிந்து, சுவருக்குப் பின்னால் உள்ள மண் கரையும். வெளியே பார்த்தால் சுவர் நிற்கும். ஒரு கனமழையில் விழும்.

"போன ஏப்ரலில் இந்த வயல் மூன்று வாரம் காய்ந்தது. மடையைத் திருப்பிவிட நான் இல்லை. கூலி வேலைக்காக பாகியோ நகரில் இருந்தேன்" என்றார் அவர். மகள் அந்த ஆண்டுக் கட்டணம் கட்டிய மாதம் அது என்பதை அவர் சொல்லவில்லை. அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்னொரு எதிரி தங்க ஆப்பிள் நத்தை. தென் அமெரிக்காவிலிருந்து 1980-களில் உணவுக்காக பிலிப்பைன்ஸுக்குள் கொண்டுவரப்பட்டு, வளர்த்தவர்கள் கைவிட்டதும் வயல்களில் இறங்கியது. இளநாற்றைத் தண்டோடு தின்றுவிடும். இங்கே வீட்டுப் பிள்ளைகள் காலையில் வயலில் இறங்கி, கையால் பொறுக்கி அள்ளுகிறார்கள். செடித் தண்டிலும் கல்லிலும் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒட்டியிருக்கும் முட்டைக் கொத்தை நசுக்குவதும் தினசரி வேலை.

சுவர் எழும் விதம்

சனிக்கிழமை மதியம் முழுக்க மாணவர்கள் செய்தது சுவர் கட்டும் வேலை அல்ல, பொறுக்கும் வேலை. சேற்றிலிருந்து கல்லை எடுத்து, பெரியது, நடுத்தரம், சில்லு என்று மூன்று குவியல் போட்டார்கள். ஆற்றிலிருந்து புதிய கல் கொண்டுவர ஒரு நடை ஏற முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் விழுந்த கல்லில் ஒன்றைக்கூட விடக்கூடாது.

சுவர் கட்டத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்து நான்கு பேர் வந்தார்கள். மிக இளையவருக்கு ஐம்பது வயது. அடியில் பழைய அஸ்திவாரம் தெரியும்வரை தோண்டி, மிகப் பெரிய கற்களை அங்கே பதித்தார்கள். சுவர் நேராக எழாது. மலைப் பக்கம் லேசாகச் சாய்ந்தே எழ வேண்டும். கல்லின் நீளப்பக்கம் உள்ளே போக வேண்டும். சில்லுகளை முதுகுப்பக்கம் நிரப்ப வேண்டும். அதற்குப் பின்னால் சரளை, அதற்குப் பின்னால் மண், கடைசியாக மேலே மிதித்துக் குழைத்த களிமண். கல்லுக்குக் கல் சிமென்ட் கிடையாது. வயலின் மேல் களிமண் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். அதையும் மீறிக் கசிவது கல் இடுக்கு வழியே வெளியேறிவிடும்.

"சிமென்ட் போட்டால் உறுதியாக இருக்காதா ஐயா?" என்று ஒருவர் கேட்டார்.

"தண்ணீர் வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே சேரும். சேர்ந்தால் தள்ளும். மொத்தமாக விழும். இது விழுந்தால் இதே கல்லை எடுத்துத் திரும்பக் கட்டலாம். சிமென்ட் சுவர் விழுந்தால் அதை என்ன செய்வாய்?" என்றார் அந்தப் பெரியவர்.

இந்தச் சுவர்களுக்கு 2,000 ஆண்டு வயது என்றுதான் பள்ளிப் பாடங்களில் நீண்ட காலமாக எழுதிவந்தார்கள். ஸ்டீபன் அகபாடோ என்ற தொல்லியல் ஆய்வாளரின் அகழாய்வுகள் வேறு கணக்கைச் சொல்கின்றன. ஸ்பானியர்கள் சமவெளியைப் பிடித்தபோது, அவர்களுக்கு அடிபணியாத மக்கள் மலைக்குள் திரண்டார்கள். அதுவரை சேம்பு விளைந்த இடங்களில் சுமார் 400 ஆண்டுகளுக்குள்தான் நீர் பாய்ச்சும் நெல் வயல்கள் பரவின என்கிறார் அவர். அந்தக் கணக்கின்படி, இத்தனை மலையையும் சில தலைமுறைகளில் படிகளாக்கியிருக்கிறார்கள். அத்தனை கைகள் ஒன்றாக இறங்கியிருந்தால்தான் அது நடக்கும்.

உப்புக் கடன்

கைகள் ஒன்றாக இறங்குவதற்கு அங்கே ஒரு முறை இருக்கிறது. இன்று உன் வயலில் நாங்கள், நாளை என் வயலில் நீங்கள். கூலி கிடையாது, சோறு உண்டு. நாள் கணக்கு மட்டும் மனதில் இருக்கும். இஃபுகாவ் மொழியில் இதன் பெயர் 'உப்பு'. நம் சமையல் உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒலி மட்டும் ஒன்றுபோல இருக்கிறது.

சனிக்கிழமை இரவு, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது மாணவியின் அப்பா அந்தக் கணக்கை எடுத்தார். "பதினொரு பேர், ஆளுக்கு ஒரு நாள். உங்களுக்கு நான் பதினொரு நாள் கடன். உங்கள் அப்பாக்களின் வயல் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். நடவுக்கு வருகிறேன்" என்று சிரித்தார்.

நியூவா எசிஹா மாணவன் சிரிக்கவில்லை. "எங்கள் வயலில் செய்ய உங்களுக்கு வேலை இல்லை ஐயா. விதைப்பது தெளிப்பு. அறுப்பது இயந்திரம். அப்பாவுக்கு வேண்டியது ஆள் அல்ல, டீசல்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "எங்கள் தாத்தா காலத்தில் இப்படி ஆள் மாற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை" என்றான்.

பட்டாட்டிலும் அது குறைந்துகொண்டுதான் வருகிறது. மாணவியின் சித்தப்பா மகன் சுற்றுலா வழிகாட்டி. அவன் ஒளிக்காமல் சொன்னான். "ஒரு நாள் வெளிநாட்டுக்காரரை அருவிக்குக் கூட்டிப் போனால் கையில் காசு. ஒரு நாள் கல் தூக்கினால் கையில் சோறு. பள்ளிக் கட்டணம் சோறாக வாங்கமாட்டார்கள். ஆனால், வயல் விழுந்துவிட்டால் யாரும் அருவிக்கு மட்டும் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள். அது எனக்கும் தெரியும்."

ஏப்ரல், மே மாதங்களில் பச்சை வயலைப் பார்க்கவும், ஜூன், ஜூலையில் பொன்னிறத்தைப் பார்க்கவும் கூட்டம் வரும். சுவர் கட்டும் நவம்பரில் வருபவர் குறைவு.

இந்த இழுபறி பட்டாட்டுக்கு மட்டுமானதல்ல. கைவிடப்பட்ட வயல்கள் பெருகியதால், 2001-ல் யுனெஸ்கோ இந்த ஐந்து தொகுதிகளையும் 'ஆபத்தில் உள்ள பாரம்பரியச் சின்னங்கள்' பட்டியலில் சேர்த்தது. சுவர்களையும் வாய்க்கால்களையும் சீர்செய்யும் வேலைகள் நடந்த பிறகு, 2012-ல் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது. இந்தப் பாரம்பரிய அரிசியை அமெரிக்கா வரை ஏற்றுமதி செய்யும் முயற்சியும் நடந்தது. ஆனால், ஆண்டுக்கு ஒரே போகம், கதிர் கதிராக அறுப்பு, முதுகில் சுமை. பெரும்பாலான வீடுகளில் விளைவது வீட்டுச் சாப்பாட்டுக்கே போதாது. கடையில் சமவெளி அரிசியும் வாங்குகிறார்கள். அன்றிரவு மாணவர்களுக்குப் போட்ட தினாவொன் சோறு, அந்த வீட்டில் விசேஷ நாளுக்கு வைத்திருந்தது.

துண்டு போடாத நிலம்

இஃபுகாவ் வழக்கப்படி நெல் வயலைப் பிள்ளைகளுக்குப் பங்கு போடுவதில்லை. ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்கே முக்கிய வயல் போகும். ராய் பார்ட்டன் 1919-ல் வெளியிட்ட இஃபுகாவ் வழக்குச் சட்ட நூலிலும் இந்த முறை பதிவாகியிருக்கிறது. சிறிய வயலைத் துண்டு போட்டால் யாருக்கும் சோறு ஆகாது என்பது அதன் நியாயம். வயலுக்கு மேலே உள்ள 'முயோங்' என்ற குடும்பக் காடும் அதோடு சேர்ந்தது. விறகு, வீட்டு மரம், மூலிகை, பாக்கு எல்லாம் தருவது முயோங். மழையைப் பிடித்து வைத்து ஓடைக்கு விடுவதும் அதுதான். முயோங்கை வெட்டினால் வயல் காயும்.

உரிமை மூத்த பிள்ளைக்கு என்றால், பாரமும் மூத்த பிள்ளைக்குத்தான். அந்த வீட்டின் மூத்த பிள்ளை, லோஸ் பான்யோஸில் வேளாண்மை மூன்றாம் ஆண்டு படிக்கும் அந்த மாணவி.

மற்றவர்கள் தூங்கிய பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"படித்து முடித்ததும் இங்கே வருவாயா என்று நான் கேட்கவில்லை. விதைக் கம்பெனியில் வேலை கிடைத்தால் போ. தம்பிக்கும் கட்டணம் வேண்டும். சுவரை யார் பார்ப்பார்கள் என்றுதான் கேட்கிறேன்" என்றார் அப்பா.

"படிப்பு முடிய இன்னும் ஒன்றரை ஆண்டு அப்பா. அதற்குள் இரண்டு நடவு இருக்கிறது" என்றாள் அவள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இருட்டிலிருந்து பாட்டியின் குரல் வந்தது. "ஜூன் மாதம் வந்துவிடு. விதைக்கதிர் எடுக்க நீ இன்னும் பழகவில்லை."

"ஜூனில் தேர்வு பாட்டி."

"நெல்லுக்குத் தேர்வு தெரியாது" என்றார் பாட்டி.

அவள் தினமும் நடந்து போகும் ஊரில், நெல் ஆராய்ச்சி நிலையத்தின் விதை வங்கியில் உலகெங்கும் இருந்து வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் உறைகுளிரில் பாதுகாக்கப்படுகின்றன. புயலில் ஒரு ரகம் அழிந்தாலும் அங்கிருந்து மீட்கலாம். அது பெரிய காரியம். ஆனால், எந்தக் கதிரை எடுப்பது என்று பாட்டியின் கைக்குத் தெரிந்ததையும், எந்தக் கல்லை எங்கே வைப்பது என்று அந்த நான்கு பெரியவர்களுக்குத் தெரிந்ததையும் எந்தக் குளிர் அறையிலும் வைக்க முடியாது. அவற்றைப் பழகிக்கொள்ள ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முழங்கால் உயரம்

ஞாயிறு காலை தேவாலயம் முடிந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கீழ் வயல்காரர். அவர் வயலின் மேல் விழுந்த சேற்றுக்கு இழப்பீடு கேட்பார் என்று மாணவர்கள் எதிர்பார்த்தார்கள். அவர் மண்வெட்டியோடு வந்து, அந்தச் சேற்றையே அள்ளி மேலே கொடுத்தார். "இது அவர் வயலின் மண். என் வயலுக்கு வேண்டாம்" என்றார். அடுத்த சுவர் தன்னுடையதாக இருக்கலாம் என்பதும் அவர் கணக்கில் இருந்திருக்கும்.

மாணவர்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினார்கள். முதல் நாள் தூக்கத் திணறிய கல்லை, அன்று எப்படிப் பிடிப்பது என்று தெரிந்திருந்தது. இரண்டு பேருக்கு உள்ளங்கை தோல் உரிந்தது. வியட்நாம் மாணவி பதித்த ஒரு கல்லை, பெரியவர் காலால் தட்டிப் பார்த்து, எடுத்து, திருப்பி வைத்தார். அடுத்த கல்லை அவள் வைத்தபோது தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அன்று முழுக்க அவளுக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

பன்னிரண்டு மணிக்கு வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. மாலையில் பனாவேயில் மணிலா பேருந்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு முன் மலை முகடு வரை ஏற வேண்டும்.

இருபது அடி நீளத்துக்குச் சுவர் முழங்கால் உயரம் எழுந்திருந்தது. பதினொரு இளைஞர்கள், ஏழு ஊர்க்காரர்கள், ஒரு நாள் வேலை. மேலே இன்னும் ஒன்றரை ஆள் உயரம் பாக்கி. மாணவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 'சுவரைக் கட்டிக் கொடுத்துவிட்டு வருவோம்' என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

"அடி வைப்பதுதான் கஷ்டம். அது வைத்தாகிவிட்டது" என்றார் அப்பா. பாட்டி ஆளுக்கொரு சிறு பொட்டலம் தினாவொன் அரிசி கொடுத்தார். வேண்டாம் என்றவர்களிடம், "கடனை எங்கே வந்து அடைப்பது? வாங்கிக்கொள்" என்றார்.

ஏறும்போது யாரும் அதிகம் பேசவில்லை. மேல் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். சனிக்கிழமை அங்கே நின்றபோது மலையைப் பார்த்தவர்கள், இப்போது இடதுபக்கம் மேலேயிருந்து ஆறாவது வரிசையைத் தேடினார்கள். அதே பார்வையில் வேறு தழும்புகளும் தெரிந்தன. புல் மண்டிய படிகள், செடி முளைத்த சுவர்கள், ஒன்று, இரண்டு, ஐந்து. முதல் நாள் எடுத்த படங்களிலும் அவை இருந்திருக்கின்றன.

பேருந்தில் நியூவா எசிஹா மாணவன் அவளிடம், டிசம்பர் விடுமுறையில் நாற்றுவிடும் நாள் எது என்று கேட்டான். "அதை அப்பா முடிவு செய்யமாட்டார். ஊரில் முதல் வயல்காரர் தொடங்க வேண்டும். அவர் தொடங்கிய பிறகுதான் மற்றவர்கள். தெரிந்ததும் சொல்கிறேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லோரும் வகுப்பில் இருந்தார்கள். பாடம், மண் அரிப்பைத் தடுக்கும் முறைகள். இரண்டு பேரின் விரல்களில் கட்டுப் போட்டிருந்தது.

செவ்வாய் மாலை அவளுடைய செல்பேசிக்கு அப்பாவிடமிருந்து செய்தி வந்தது. 'மழை இல்லை. இன்று நாலு பேர் வந்தார்கள். இடுப்பு வரை வந்துவிட்டது.'

ஜனவரி நடவுக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது.